ஓயா நிஜமான தெய்வமா? ஆப்பிரிக்கத் தொன்மங்களில் வேர்கொண்ட இளையோர் மிகுபுனைவு நாவல்களை எப்படிப் படிப்பது?

தாழைமடல் (கேள்வி):

வணக்கம். என் 14 வயது மகளும் நானும் ஒரே நாவலை ஆளுக்கொரு அத்தியாயமாக உரக்கப் படிக்கும் பழக்கத்தைச் சில ஆண்டுகளாகக் கைக்கொண்டு வருகிறோம். அண்மையில் படித்து முடித்தது, நைஜீரியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த டோமி அடெயெமி 2018இல் வெளியிட்ட 'சில்ட்ரன் ஆஃப் பிளட் அண்ட் போன்'. ஒரிஷா என்னும் கற்பனை நாட்டின் அரசன் மந்திர ஆற்றல் உடையவர்களைக் கொன்று குவித்து 11 ஆண்டுகள் ஆகிவிட்ட நிலையில், அந்தப் படுகொலையில் தாயைப் பறிகொடுத்த ஸேலி என்னும் பெண் மந்திரத்தை நாட்டுக்கு மீட்டுத்தரப் புறப்படுகிறாள். கதை எங்கள் இருவரையும் கட்டிப்போட்டுவிட்டது.

முடித்த அன்று மகள் கேட்டாள்: "அம்மா, ஓயா நிஜமான சாமியா? இப்போதும் யாராவது கும்பிடுகிறார்களா?" யொரூபா மக்கள் கும்பிடுகிறார்கள் என்று சொன்னேன். அடுத்து, "அப்படியென்றால் கதையில் தெய்வங்களைப் படைக்கும் ஆகாயத் தாயும் நிஜமா? மந்திரம் உள்ளவர்களுக்கு முடி வெள்ளையாக இருப்பதும் அவர்கள் நம்பிக்கையா?" என்றாள். அதற்கு என்னிடம் விடை இல்லை.

கிரேக்கத் தெய்வங்களை வைத்து ஒருவர் எதை எப்படி மாற்றி எழுதினாலும் எனக்குப் பெரிய தயக்கம் வருவதில்லை, ஏனெனில் அந்த வழிபாடு பெருமளவுக்கு வழக்கொழிந்து நெடுங்காலமாகிவிட்டது. ஆனால் இங்கே கதையில் வரும் பெயர்களைச் சொல்லி இன்றும் விளக்கேற்றுபவர்களும் பலியிடுபவர்களும் ஆடுபவர்களும் இருக்கிறார்கள். ஓர் ஆசிரியரின் கற்பனையை ஒரு மக்களின் சமயமாக எண்ணிக்கொண்டு என் மகள் வளர்ந்துவிடக் கூடாது. அதே வேளையில், பக்கத்துக்குப் பக்கம் நிறுத்தி விளக்கவுரை சொல்லி அவளுடைய வாசிப்பின்பத்தைக் கெடுக்கவும் மனமில்லை. இந்த நாவலில் எது மரபு, எது புனைவு? முதலில் தொன்மங்களைப் படித்துவிட்டு நாவல்களுக்கு வருவது நல்லதா? அடுத்து எதை எடுக்கலாம்? படித்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பழஞ்சுவடி (மறுமொழி):

உங்கள் மகள் சரியான இடத்தில் கையை வைத்திருக்கிறாள். அவளுடைய கேள்விகளையே வரிசையாக எடுத்துக்கொள்கிறேன்.

'ஒரிஷா' என்பது நாவலில் நாட்டின் பெயர்; யொரூபா மொழியில் அது தெய்வங்களைக் குறிக்கும் பொதுச்சொல். ஓயா, யெமோஜா, ஷாங்கோ, ஓகுன், ஒருன்மிலா ஆகிய அனைவரும் தென்மேற்கு நைஜீரியாவிலும் அதை ஒட்டிய பெனின் நாட்டுப் பகுதிகளிலும் வழிபடப்படுபவர்கள். ஒஷோக்போ நகரில் ஒஷுன் தெய்வத்துக்குரிய புனிதக் காட்டை யுனெஸ்கோ 2005இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அங்கே ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதத்தில் விழா நடக்கிறது. ஆகவே "இப்போதும் யாராவது கும்பிடுகிறார்களா" என்ற கேள்விக்கு நீங்கள் சொன்ன விடை முற்றிலும் சரி.

ஆகாயத் தாய் ஆசிரியரின் படைப்பு. யொரூபா மரபில் அனைத்துக்கும் மேலான பரம்பொருளை ஒலோடுமாரே என்பார்கள். யொரூபா மொழியின் படர்க்கைச் சொல்லில் அவன், அவள் என்ற பிரிவே கிடையாது என்பதால், மூலமொழியில் ஒலோடுமாரேயைத் தாய் என்றோ தந்தை என்றோ தீர்மானிக்க வேண்டிய கட்டாயமும் எழுவதில்லை. உலகம் உண்டான கதையும் வேறு. ஒபாடாலா என்னும் தெய்வம் வானிலிருந்து சங்கிலி வழியே இறங்கி நிலம் படைக்க அனுப்பப்படுகிறார். வழியில் பனங்கள்ளைக் குடித்து உறங்கிவிடுகிறார். ஒடுடுவா அந்த வேலையை ஏற்று, நீரின்மேல் மண்ணைக் கொட்டி, ஐந்து விரல்கொண்ட கோழியை விட்டு அதைக் கிளறிப் பரப்பச் செய்கிறார். நிலம் முதலில் தோன்றிய அந்த இடம்தான் இலே-இஃபே நகரம் என்பது நம்பிக்கை. வெள்ளை முடியும் நாவலுக்கே உரியதுதான். ஒபாடாலாவுக்குரிய நிறம் வெண்மை என்பதால் எனக்கு அந்த இடத்தில் அவர் நினைவு வந்தது. ஆசிரியர் அதை எண்ணித்தான் எழுதினார் என்று நான் சொல்லமாட்டேன்.

ஊர்ப்பெயர்களைப் பார்த்தால் புனைவின் துணிச்சல் இன்னும் தெளிவாகத் தெரியும். இலோரின் நாவலில் கடல்மேல் மிதக்கும் மீனவச் சிற்றூர். உண்மையான இலோரின் கடலிலிருந்து வெகுதொலைவில் உள்ள குவாரா மாநிலத்தின் தலைநகர். ஸேலியின் தாய் கொல்லப்பட்ட மலையூராகக் கதையில் வரும் இபாடான், உண்மையில் நைஜீரியாவின் மிகப் பெரிய நகரங்களுள் ஒன்று. லாகோஸ் மட்டும் தலைநகராகவே இருக்கிறது. நைஜீரியாவுக்கும் அதுவே 1991 வரை தலைநகராக இருந்தது. தெரிந்த பெயர்களைத் தெரியாத நிலத்தின்மேல் பரப்பி வைத்திருப்பதால், இது நைஜீரியா அன்று என்று நைஜீரிய வாசகருக்கு முதல் அத்தியாயத்திலேயே புரிந்துவிடும். நமக்குத்தான் அது தப்பிவிடுகிறது.

மரபுக்கு மிக நெருக்கமாக நிற்கும் இடங்களும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தவையும் அவைதான். நாவலில் நோய் தீர்ப்பவர்களும் நோய் உண்டாக்குபவர்களும் ஒரே குலம். அவர்களுக்குரிய தெய்வம் பபலுவாயே. மரபிலும் பெரியம்மைக்கு அதிபதியும் அதைத் தணிப்பவரும் ஒருவரே, அவர் பெயரை நேராகச் சொல்லவே மக்கள் அஞ்சினார்கள். மனத்தையும் கனவையும் ஆளும் குலத்துக்கு 'ஒரி' தெய்வம். ஒரி என்ற சொல்லுக்குத் தலை என்று பொருள். பிறப்பதற்கு முன் ஒவ்வோர் உயிரும் அஜாலா என்னும் குயவரிடம் சென்று தனக்கொரு தலையைத் தேர்ந்தெடுக்கிறது என்றும், தேர்ந்த தலை நன்கு வெந்ததா பச்சையா என்பதைப் பொறுத்தே வாழ்க்கை அமைகிறது என்றும் யொரூபாக்கள் சொல்கிறார்கள். 'தலையெழுத்து', 'தலைவிதி' என்று பேசிப் பழகிய நமக்கு இதை விளக்க ஒரு வரிகூடத் தேவையில்லை.

ஓயாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாவலில் அவள் வாழ்வுக்கும் சாவுக்கும் உரியவள். மரபில் அவள் முதன்மையாகக் காற்றும் புயலும். நைஜர் ஆற்றுக்கே யொரூபா மொழியில் ஓயாவின் ஆறு என்றுதான் பெயர். முன்னோர் ஆவிகளோடும் அவளுக்குத் தொடர்பு உண்டு. ஒரு வேடன் காட்டில் எருமையொன்று தன் தோலைக் கழற்றி வைத்துவிட்டு அழகிய பெண்ணாக நடந்துபோவதைக் கண்டு, அந்தத் தோலை ஒளித்து வைத்து, அவளை மணந்துகொண்ட கதை ஒன்று உண்டு. அந்தப் பெண்தான் ஓயா.

மரபு, புனைவு என்ற இரண்டு கூறுகளுக்குள் அடங்காத மூன்றாவது ஒன்றும் இந்த நாவலில் இருக்கிறது. வேட்டைத் தெய்வத்தின் பெயரை அடெயெமி 'எக்ஸ்' எழுத்தைப் போட்டு எழுதுகிறார். யொரூபா நெடுங்கணக்கில் அந்த எழுத்தே இல்லை. 'ஷ' ஒலிக்கு எக்ஸ் போடுவது பிரேசிலில் வழங்கும் போர்த்துகீசிய முறை. வானவில் தெய்வமான ஒஷுமாரேயை 'ஒச்சுமாரே' என்பதும், பபலுவாயே என்ற பெயர்வடிவமும், காற்றுக் குலத்துக்குரிய அயாவோ என்னும் தெய்வமும் கியூபாவின் வழக்கு. கதையில் வரும் கோயிலின் பெயரோ, பிரேசிலில் ஒரிஷாக்களை வழிபடும் கந்தோம்ப்ளே சமயத்தின் பெயரிலிருந்து வந்தது. முதலில் கண்டபோது நான் இவற்றைப் பிழைகள் என்று நினைத்தேன். ஆனால் அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் பேர் ஆப்பிரிக்கக் கரைகளில் கப்பலேற்றப்பட்டார்கள். அவர்களில் சுமார் 1 கோடியே 7 லட்சம் பேரே உயிரோடு மறுகரை சேர்ந்தார்கள். ஓயோ பேரரசு சரிந்த காலத்தில் பிடிபட்ட யொரூபாக்கள் பெருந்தொகையாகக் கொண்டுசெல்லப்பட்டது பிரேசிலுக்கும் கியூபாவுக்கும்தான். அடெயெமிக்கு இந்தக் கதை முளைவிட்டதும் பிரேசிலின் சால்வதோர் நகரத்தில், ஒரு கடையில் ஒரிஷாக்களின் படங்களைக் கண்ட போதுதான் என்று அவரே நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். தன் பெற்றோரின் நாட்டுத் தெய்வங்களை, அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் காத்து வைத்திருந்த வடிவத்தில் அவர் சந்தித்திருக்கிறார். பெயர்களின் எழுத்துக்கூட்டில் அந்தக் கடற்பயணம் பதிந்திருக்கிறது.

தொன்மங்களை முதலில் படித்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து. வேரைப் பார்த்தவருக்கே கிளை எங்கே வளைந்தது என்பது தெரியும்.

கரைக்காற்று (மறுமொழி):

பழஞ்சுவடி ஐயாவின் விளக்கம் அருமை. ஆனால் அவருடைய கடைசி வரியை நான் ஏற்கவில்லை. முதலில் படிக்க வேண்டிய 'தொன்ம நூல்' என்று எதைக் கொடுப்பீர்கள்? யொரூபா மரபின் பெருங்களஞ்சியம் இஃபா. அது ஒடு எனப்படும் 256 பகுதிகளாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொன்றின் கீழும் எண்ணற்ற பாடல்களோடு பபலாவோக்கள் என்னும் குறிசொல்லும் குருமார்களின் நினைவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருவது. ஒரு பாடல் ஓரூரில் ஒரு விதமாகவும் அடுத்த ஊரில் வேறு விதமாகவும் இருக்கும். இது வாய்மொழியின் இயல்பு. இதைக் குறையாகக் கருதக் கூடாது. 14 வயதுப் பெண்ணுக்குச் சுருக்கத் தொகுப்பொன்றைக் கொடுத்து "இதுதான் அசல், நாவல் நகல்" என்று சொன்னால், அசலைப் பற்றியே தவறான எண்ணத்தை ஊட்டியவர்கள் ஆவோம். நாவலை முதலில் படிக்கட்டும்; கேள்வி பிறந்த பிறகு தேடினால் கிடைப்பது நிலைக்கும். இந்தக் குழந்தை அப்படித்தானே கேட்டிருக்கிறது?

அடுத்து எதை எடுப்பது என்பதற்கு என் விடை, நேடி ஒகோராஃபோர் 2011இல் எழுதிய 'அகாட்டா விட்ச்'. ஒகோராஃபோரும் நைஜீரிய இக்போ பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர். ஆனால் அவர் கற்பனை நாடு எதையும் கட்டவில்லை. கதை நடப்பது இன்றைய நைஜீரியாவில், அபா நகரத்தில். நாயகி சன்னிக்கு 12 வயது. நியூயார்க்கில் பிறந்து, ஒன்பது வயதில் பெற்றோரோடு நைஜீரியா திரும்பியவள். தோலில் நிறமி இல்லாமல் பிறந்ததால் வெயிலில் பந்து விளையாட முடியாதவள். தான் 'சிறுத்தை மக்கள்' என்னும் மறைவான மந்திரச் சமூகத்தைச் சேர்ந்தவள் என்று அவளுக்குத் தெரியவருகிறது. அந்தச் சமூகத்தில் ஒருவர் புதிதாக எதையேனும் கற்றுக்கொண்டால் வானத்திலிருந்து நாணயங்கள் விழும். அறிவைத் தவிர வேறு எதற்கும் அங்கே கூலி கிடையாது. உங்கள் மகளுக்கு இது பிடிக்காமல் போகாது.

எது மரபு என்று அவள் கேட்டால் சொல்வதற்கும் செய்தி இருக்கிறது. தென்கிழக்கு நைஜீரியாவிலும் கேமரூன் எல்லையிலும் வாழும் எஃபிக், எஜாகம், இபிபியோ, இக்போ மக்களிடையே எக்பே என்னும் ஆடவர் மன்றம் உண்டு. எக்பே என்றால் சிறுத்தை. வழக்குகளைத் தீர்ப்பதும் கடன்களை வசூலிப்பதும் ஒரு காலத்தில் அதன் பொறுப்பாக இருந்தன. அந்த வட்டாரத்தின் மிகப் பழைய குறியெழுத்து முறையான நிசிபிடி அதனோடு நெருங்கிய தொடர்புடையது. நாவலில் சன்னி படிக்கக் கற்றுக்கொள்ளும் மந்திர எழுத்து அதே நிசிபிடிதான். முகமூடி ஆட்டங்களில் வருவது வேடமிட்ட மனிதர் அல்லர், இறங்கி வந்த ஆவியே என்ற அந்த மண்ணின் நம்பிக்கையையும் ஆசிரியர் உள்ளபடியே எடுத்துக்கொள்கிறார். தம்முடைய இவ்வகை எழுத்துக்கு 'ஆப்பிரிக்கன்ஜூஜூயிசம்' என்று அவரே ஒரு பெயர் வைத்து 2019இல் விளக்கினார்: உண்மையில் வழக்கிலிருக்கும் ஆப்பிரிக்க ஆன்மிக மரபுகளைக் கற்பனையோடு மதிப்புடன் இணைக்கும் மிகுபுனைவு என்பது அதன் சாரம். உங்கள் தயக்கத்துக்கு ஓர் எழுத்தாளரே சொன்ன விடையாக இதை எடுத்துக்கொள்ளலாம்.

ஐயா சொன்ன கடற்பயணம் இங்கேயும் உண்டு. எக்பே மன்றத்தவர் சிலரும் அடிமைகளாகக் கியூபாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஹவானாவுக்கு எதிர்க்கரையில் 1836இல் அபக்குவா என்ற பெயரில் அதே மன்றம் மீண்டும் உருக்கொண்டது, குறியெழுத்துகளோடு.

ஓர் எச்சரிக்கை: நாவலில் குழந்தைகளைக் கடத்திக் கொல்லும் ஒருவன் வருகிறான். மேலும், 'அகாட்டா' என்பது வெளிநாட்டில் பிறந்த கறுப்பினத்தவரை நைஜீரியர் சிலர் இழிவாகக் குறிக்கும் சொல். இதே நூல் 2013இல் நைஜீரியப் பதிப்பகம் ஒன்றின் வழியே 'வாட் சன்னி சா இன் த ஃபிளேம்ஸ்' என்ற வேறு தலைப்பில் வந்தது. இரண்டு தனி நூல்கள் என்று எண்ணி இரண்டையும் வாங்கிவிடாதீர்கள்.

எழுத்துக்கூட்டி (மறுமொழி):

வயதைப் பற்றி யாரும் இன்னும் விரிவாகப் பேசவில்லை என்பதால் சில சொற்கள்.

'இளையோர்' என்ற அடையாளத்தோடு வரும் நூல்கள் எல்லாம் ஒரே வயதினருக்கானவை அல்ல. நமினா ஃபோர்னாவின் 'த கில்டட் ஒன்ஸ்' (2021) நல்ல நாவல். ஆசிரியர் சியரா லியோனில் பிறந்து, உள்நாட்டுப் போர்க்காலத்தில் ஒன்பது வயதில் அமெரிக்கா சென்றவர். கதையில் பெண்களின் இரத்தம் என்ன நிறம் என்று ஊரார் கூடிச் சோதிக்கிறார்கள்; பொன்னிறமாக ஓடினால் அவள் தூய்மையற்றவள். நாயகி டேகா அப்படிப்பட்டவள் என்று தெரிந்ததும் அவளைத் திரும்பத் திரும்பக் கொல்கிறார்கள், அவள் திரும்பத் திரும்ப உயிர்க்கிறாள். அந்தப் பக்கங்களை நான் இருமுறை மூடி வைத்துவிட்டுத்தான் தொடர்ந்தேன். பெண்ணுடல்மீது சமூகம் செலுத்தும் வன்முறையைப் பற்றி மகளோடு பேச நீங்கள் அணியமாக இருந்தால் சேர்ந்து படியுங்கள். தனியே கொடுக்க வேண்டாம்.

நடாஷா போவனின் 'ஸ்கின் ஆஃப் த சீ' (2021) இதைவிட மென்மையான கையால் எழுதப்பட்டது, ஆனால் அதன் துயரம் ஆழமானது. கதை 15ஆம் நூற்றாண்டில், போர்த்துகீசியக் கப்பல்கள் மேற்கு ஆப்பிரிக்கக் கரைகளை அடையத் தொடங்கிய காலத்தில் நடக்கிறது. சிமி ஒரு கடற்கன்னி. கப்பல்களிலிருந்து கடலில் வீசப்பட்டு இறந்தவர்களின் உயிர்களைச் சேகரித்து, அவற்றுக்கு ஆசி கூறி மேலுலகுக்கு அனுப்புவதற்காக யெமோஜா அவளைப் படைத்திருக்கிறாள். ஒருநாள் வீசப்பட்டவன் ஒருவன் இன்னும் உயிரோடிருப்பதைக் கண்டு அவனைக் காப்பாற்றிவிடுகிறாள். அதுவே ஒலோடுமாரேயின் கட்டளையை மீறிய குற்றமாகிறது. மேலே பழஞ்சுவடி சொன்ன இரண்டு எண்களுக்கும் இடையில் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டால், கரை சேராதவர்கள் ஏறத்தாழ 18 லட்சம் பேர். சிமி ஏந்திக்கொள்வது அவர்களைத்தான். இந்த நாவலைப் படித்த பிறகு எனக்கு அந்த எண் வெறும் எண்ணாக இல்லை. மரபில் யெமோஜா முதன்மையாக ஆற்றுத் தெய்வம், ஓகுன் ஆற்றோடு இணைத்துப் போற்றப்படுபவள். கடலைக் கடந்த மக்கள் பிரேசிலில் அவளைக் கடலன்னையாக வணங்குகிறார்கள். சால்வதோரில் பிப்ரவரி 2ஆம் நாள் அவளுக்குப் பூக்களும் காணிக்கைகளும் கடலில் விடப்படுகின்றன. போவன் அவள் எப்படி ஆற்றைவிட்டுக் கடலுக்கு வந்தாள் என்பதையும் கதையாக்கியிருக்கிறார்.

அட்டையில் சிறுத்தையும் ஓநாயும் பெயராக நிற்கும் மார்லன் ஜேம்ஸின் 2019ஆம் ஆண்டு நாவலை இந்த வரிசையில் சேர்த்துச் சிலர் பரிந்துரைப்பதைக் கண்டிருக்கிறேன். அது வளர்ந்தவர்களுக்கான நூல், வன்முறையும் பாலுறவும் மிகுதி. 14 வயதுக்கு உரியதே அன்று.

சிறுநெல்லி (மறுமொழி):

எல்லோரும் யொரூபா பக்கமே நிற்கிறீர்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளும் ஏறத்தாழ 2,000 மொழிகளும் உள்ள ஒரு கண்டத்தை 'ஆப்பிரிக்கத் தொன்மம்' என்ற ஒரே சொல்லில் அடக்குவது எனக்கு எப்போதும் உறுத்தும். அந்தப் பெண்ணிடம் "இது யொரூபா, இது இக்போ, இது அகான்" என்று மக்களின் பெயரைச் சொல்லியே அறிமுகப்படுத்துங்கள்.

கானாவின் அகான் மக்களிடம் அனான்சி என்னும் சிலந்தி இருக்கிறான். உலகத்துக் கதைகள் அனைத்தும் வானத்து இறைவனான நியாமேயிடம் இருந்தன. அனான்சி அவற்றை விலைக்குக் கேட்டான். மலைப்பாம்பு, சிறுத்தை, குளவிக் கூட்டம், கண்ணுக்குத் தெரியாத குறளிப் பெண், இந்நான்கையும் பிடித்துக் கொண்டுவா என்றார் நியாமே. பாம்பிடம் போய், "இந்தக் கழியைவிட நீ நீளமா என்று எனக்கும் என் மனைவிக்கும் வழக்கு" என்று சொல்லிக் கழியோடு சேர்த்து நீட்டிப் படுக்கவைத்துக் கட்டிவிட்டான். குளவிகளின்மேல் தண்ணீரைத் தெளித்து, "மழை பெய்கிறதே, இந்தச் சுரைக்குடுக்கைக்குள் ஒதுங்குங்கள்" என்றான். சிறுத்தைக்குக் குழி. குறளிக்கு, பிசின் பூசிய மரப்பொம்மையின் கையில் உணவை வைத்தான். உண்டு முடித்து நன்றி சொன்னவள் பொம்மை விடை சொல்லாததால் சினந்து அறைந்தாள், கை ஒட்டிக்கொண்டது. அன்று முதல் கதைகளுக்கெல்லாம் சிலந்திக் கதைகள் என்றே பெயர்.

அந்தப் பிசின் பொம்மைதான் அமெரிக்கக் கறுப்பின மக்களின் முயல் கதைகளில் தார்ப் பொம்மையாக வருகிறது. க்வாமே எம்பாலியா 2019இல் எழுதிய 'டிரிஸ்டன் ஸ்ட்ராங் பஞ்சஸ் எ ஹோல் இன் த ஸ்கை' என்னும் நாவலில் அவளுக்கு வாயும் வந்துவிட்டது. ஓயாமல் சண்டைக்கு நிற்கும் பாத்திரம். நண்பனை விபத்தில் இழந்த சிறுவன், அந்த நண்பன் கதைகளை எழுதிவைத்த குறிப்பேட்டைப் பிசின் பொம்மை திருடிக்கொண்டு ஓட, அதைத் துரத்திப் போய் அனான்சியும் முயலும் வாழும் உலகத்தில் விழுகிறான். உங்கள் மகளைவிடச் சற்று இளையவர்களுக்காக எழுதப்பட்டதென்றாலும் அவள் விரும்புவாள். அகான் கதையை அவளுக்கு முன்பே வாயால் சொல்லிவிட்டு நூலைக் கையில் கொடுங்கள். எனக்கு அப்படித்தான் சொல்லப்பட்டது.

நிலவொளி (மறுமொழி):

சிறு குறிப்பு. நீங்கள் உரக்கப் படிப்பவர்கள் என்பதால் ஒலியைப் பற்றிச் சொல்கிறேன். யொரூபா மொழியில் மூன்று தொனிகள் உண்டு. எழுத்தின்மேல் காணும் சாய்கோடுகள் அவற்றைக் குறிப்பவை. 'ஒகோ' என்று நமக்கு ஒன்றுபோலத் தோன்றும் சொல், தொனி மாறும்போது கணவன், மண்வெட்டி, ஈட்டி, ஊர்தி என்று பொருள் மாறும். லகர ளகர ழகரங்களைக் குழப்பினால் நமக்கு எப்படியோ, அவர்களுக்கு அப்படி. மந்திரங்கள் வரும் இடங்களில், அவை பொருளற்ற ஒலிகள் அல்ல, யொரூபா சொற்கள் என்பதை மனத்தில் கொண்டு நிதானமாகப் படியுங்கள். 'சில்ட்ரன் ஆஃப் பிளட் அண்ட் போன்' ஒலிநூலாகவும் உள்ளது. பானி டர்பின் வாசித்தது, 2019இல் ஒலிநூல்களுக்கான ஆடி (Audie) விருதுகளில் ஆண்டின் சிறந்த ஒலிநூலாகத் தேர்வானது. 'அகாட்டா விட்ச்' ஒலிநூலை வாசித்திருப்பவர் நைஜீரியாவில் பிறந்த நடிகை யெடிடே படாகி.

தாழைமடல்:

அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. மறுமொழிகளை மகளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் ஒரு குறிப்பேட்டை எடுத்து மூன்று பத்திகளாகக் கோடு போட்டிருக்கிறாள்: மரபில் உள்ளது, ஆசிரியர் படைத்தது, கடல் கடந்து வந்தது. மூன்றாவது பத்திதான் வேகமாக நிரம்புகிறது. யெமோஜாவை முதலில் முதல் பத்தியில் எழுதி, பிறகு மூன்றாவதிலும் எழுதி, இரண்டையும் அம்புக்குறியால் இணைத்திருக்கிறாள். இன்று மாலை அனான்சி கதையைச் சொன்னேன். அடுத்த வாரம் சன்னியைத் தொடங்குகிறோம். கரைக்காற்று அவர்கள் சொன்னபடி கேள்வி பிறந்த பிறகே தேடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். 'ஸ்கின் ஆஃப் த சீ'யை முதலில் நான் மட்டும் படித்துவிட்டு, பிறகு அவளோடு படிப்பேன்.

பழஞ்சுவடி ஐயாவுக்கு அவளிடமிருந்து ஒரு கேள்வி: ஓயா தன் எருமைத் தோலைத் திரும்ப எடுத்தாளா?

பழஞ்சுவடி:

எடுத்தாள் என்று சொல்லுங்கள், அம்மா. கரைக்காற்று அவர்கள் நினைவூட்டியபடி, இந்தக் கதையும் சொல்பவருக்குச் சொல்பவர் சற்று மாறும். நான் அறிந்த வடிவம் இது. வேடன் தோலைத் தானியக் குதிருக்குள் ஒளித்து வைத்தான். ஆண்டுகள் சென்றன, குழந்தைகள் பிறந்தனர். ஒருநாள் அவன் கள்ளின் மயக்கத்தில் மற்ற மனைவியரிடம் உண்மையை உளறிவிட, அவர்கள் "விலங்கே" என்று அவளை ஏசினார்கள். அவள் தானியக் குதிருக்குள் தேடித் தோலை எடுத்துப் போர்த்துக்கொண்டு எருமையானாள். ஏசியவர்களைக் கொம்பால் குத்தினாள். தன் குழந்தைகளிடம் வந்தபோது நின்றாள். கொம்புகளை அவர்கள் கையில் கொடுத்து, நான் உங்களுக்குத் தேவைப்படும்போது இவற்றை ஒன்றோடொன்று தட்டுங்கள், எங்கிருந்தாலும் வருவேன் என்று சொல்லிக் காட்டுக்குள் போனாள். ஓயாவின் வழிபாட்டிடங்களில் இன்றும் இரண்டு எருமைக் கொம்புகள் இருக்கும். அவற்றைத் தட்டித்தான் அவளை அழைக்கிறார்கள்.